ஏழரை

உறைக்கு அளவு ஏழரை என்றாள் ஜெர்லின்.
சிரித்துவிட்டேன், வாயின் இடப்பக்கம் மட்டும்.
வாதம் அடித்த வாரமே ஏகாம்பரம்
என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு
வாலாஜா வரை போய்வந்தார்.
அங்கேயும் அதையேதான் சொன்னார்களாம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில்
பத்தொன்பது வருஷம் கையுறை தைத்தவள் நான்.
ஆட்டுத்தோல். கட்டைவிரல் தனி வெட்டு.
விரலுக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய பட்டை.
எந்த ஊர்க் குளிருக்கோ
தினமும் எண்பது ஜோடி போகும்.
யார் கையையும் பார்த்ததில்லை,
அளவு மட்டும் தெரியும்.

இது துணி.
சாம்பல் நிறம், பனியன் மாதிரி இழுபடுகிறது.
விரல் முதுகில் எல்லாம் வெள்ளி பூசிய நூல்
நெளிநெளியாய் ஓடி
மணிக்கட்டில் ஒரு தீப்பெட்டிக்குள் முடிகிறது.
விரல் மடங்கினால் நூல் நீளும்,
நீண்டதை ஃபோன் எண்ணிச் சொல்லும்.
நூலுக்குக் கணக்கு தெரியும் என்பது
எனக்குப் புதுசில்லை.

மாட்டிக்கொள்ளவே கால் மணி நேரம்.
சுருண்டு கிடக்கும் விரல்களை
இடக்கை ஒவ்வொன்றாய் நிமிர்த்தி உள்ளே அனுப்பும்,
திங்கட்கிழமை பிள்ளைகளைப்
பள்ளிக்கூடத்துக்குத் தள்ளுகிற மாதிரி.

"வணக்கம் அஞ்சலாட்சி. கையை மூடுங்கள்."
மூடுகிறேன்.
நான் மூடுகிறேன், கை மூடவில்லை.
இரண்டும் ஒன்றாய் எப்படி உண்மை என்று
யாராவது சொன்னால் தேவலை.
ஆள்காட்டி நான்கு டிகிரி. நடுவிரல் ஆறு.
மோதிரம் இரண்டு. சுண்டு ஒன்று.
கட்டைவிரல் பூஜ்யம்.
"நன்று. மீண்டும் முயலுங்கள்."
காகிதப்பட்டறையில், மே மாதத்து
நூற்றியெட்டு டிகிரியில்,
நான்கு டிகிரிக்கு வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை கழற்றி எறிந்தேன்.
எறிந்தது இடக்கை, இன்னும் கற்றுக்குட்டி.
சுவரைக் குறிவைத்தால்
குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் விழுகிறது.
ஏகாம்பரம் எடுத்தார், துடைத்தார்,
சார்ஜில் போட்டார்.
பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பாகாயம்.
திரையைப் பார்த்த ஜெர்லின் எழுந்தே விட்டாள்.
"அக்கா! புதன் ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு
எண்பத்தொரு டிகிரி! அஞ்சு விரலும்!
இருபது தடவை!"
அடுத்த மேஜையில் பந்து பிடித்துக்கொண்டிருந்தவர்
பந்தை விட்டுவிட்டார்.

நான் திரையைப் பார்க்கவில்லை.
உறையைப் புரட்டி உள்பக்கம் பார்த்தேன்.
கட்டைவிரல் கவட்டில் ஏழு தையல் விட்டிருந்தது.
துணி இழுபடும், தையல் இழுபடாது.
ஏழரைக்குள் ஒரு பத்து நுழைந்தால்
அந்த இடத்தில்தான் பிளக்கும்.
காட்பாடிக்கும் பாகாயத்துக்கும்
ஷேர் ஆட்டோ ஓட்டிக் காய்த்துப்போன பத்து.

அவர் வாசலில் நின்று
தண்ணீர்க் குழாயை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் எண்ணை ஏற்றிவிடப் பார்த்தாரா,
உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்த்தாரா?
கேட்கவில்லை.
நான் முடிக்காமல் விட்ட இருபதை மட்டும்
எண்ணி முடித்திருக்கிறார்.

ஜெர்லினுக்கும் புரிந்துவிட்டது.
"அழிச்சிடட்டுமா அக்கா?"
"இருக்கட்டும். வேற பேர்ல போடு."

ராத்திரி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்,
மூன்றாவது முயற்சியில்.
"வெள்ளி நூலுல பட்டுடப் போகுது, பாத்து."
"எனக்கே சொல்லிக்குடுக்கிறியா?" என்றேன்.
துணி நகராமலிருக்க
வலக்கையைத் தூக்கி மேலே வைத்தேன், கல் மாதிரி.
கனமாக இருக்க அதற்கு இன்னும் தெரிகிறது.
ஏழு தையல், ஒரு மணி நேரம்.
எங்கள் லைனில் வந்திருந்தால்
இதை நானே ரிஜெக்ட் கூடையில் போட்டிருப்பேன்.

காலையில் மாட்டினேன்.
"வணக்கம் அஞ்சலாட்சி. கையை மூடுங்கள்."
கட்டைவிரல் இரண்டு.

என் தையல் இறுக்கமோ என்னவோ.
ஃபோனுக்கு வித்தியாசம் தெரியாது,
எனக்கும்தான்.
அவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"இன்னா?" என்று உள்ளிருந்து கேட்டார்.
"வா, வந்து பாரு" என்றேன்.
ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார்.